கார் கதவிலிருந்து பெஞ்சு வரை: நடக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு ஊட்டி

ஊட்டிக்குக் குடும்பத்தோடு வரும் வண்டிகளில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குரல் கேட்கும். "நீங்க எல்லாம் போய் பார்த்துட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்." சொல்வது அம்மாவாக இருக்கும், அல்லது பெரியப்பாவாக இருக்கும். அலுப்பில் சொல்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முழங்கால் வலியைச் சொல்லி மற்றவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமே என்பதுதான் பெரும்பாலும் காரணம். அவர்கள் அப்படிச் சொல்லத் தேவையே வராதபடி ஒரு பயணத்தை எப்படி அமைப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுவதை விட்டுவிடுங்கள். சமவெளியில் "அரை கிலோமீட்டர்தான்" என்றால் அரை கிலோமீட்டர். மலையில் அதே அரை கிலோமீட்டருக்குள் நாற்பது படி இருக்கலாம், பாசி படிந்த கல் பாதை இருக்கலாம், இறங்கும்போது சுகமாக இருந்து திரும்பும்போது உயிரை வாங்கும் ஏற்றம் இருக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கார் கதவு திறக்கும் இடத்திலிருந்து உட்கார முடிகிற முதல் பெஞ்சு வரைக்கும் என்ன இருக்கிறது? எத்தனை படி, எவ்வளவு சரிவு, எப்படிப்பட்ட தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இதற்குப் பதில் கிடைத்த இடங்களை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது

"நடக்க முடியுமாப்பா?" என்று கேட்டால் "அதெல்லாம் நல்லா நடப்பேன்" என்றுதான் பதில் வரும். அதனால் கேட்காதீர்கள், கூடவே நடந்து பாருங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் தெருவில் அவருடைய வேகத்திலேயே நடந்து, எத்தனை நிமிடத்தில் அவராகவே நிற்கிறார் என்று கவனியுங்கள். அந்த நிமிடத்தில் பாதியை ஊட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 10 நிமிடம் என்றால் அங்கே ஒரு மூச்சுக்கு 5 நிமிடம்.

எதனால் நிற்கிறார் என்பது எவ்வளவு நேரத்தில் நிற்கிறார் என்பதைவிட முக்கியம். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி. பள்ளத்தில் இறங்கும் பூங்காக்கள் அவருக்கு ஆகாது. இதயமோ நுரையீரலோ பலவீனமாக இருந்தால் இறக்கம் எளிது, பத்துப் படி ஏற்றம் மூச்சை வாங்கும். சிலருக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் மரத்துக் கனக்கும், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். அது முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் பெஞ்சு அடிக்கடி இருந்தால் போதும், தூரம் ஒரு பொருட்டில்லை. தடுமாற்றம் உள்ளவருக்குச் சரிவுகூடப் பரவாயில்லை, மேடுபள்ளமான தரைதான் எதிரி. இந்த நால்வரையும் "நடக்க முடியாதவர்கள்" என்று ஒரே கூடையில் போட்டால் திட்டம் நால்வருக்குமே பொருந்தாமல் போகும்.

இன்னொன்று, இரட்டைப் பார்வைக் கண்ணாடி. கீழ்ப்பாதி கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கானது என்பதால் படி இறங்கும்போது அடுத்த படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். தூரத்தில் உள்ளதைப் பார்க்க மட்டும் தனிக் கண்ணாடி இருந்தால் அதை எடுத்து வையுங்கள்.

உயரமும் மருந்தும்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. இளைஞர்களுக்கு இது தெரியாது. இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்குத் தெரியும். இவற்றில் ஏதாவது இருந்தால் "மலைக்குப் போகிறோம்" என்று பொதுவாகச் சொல்லாமல் "2,240 மீட்டரில் மூன்று இரவு தங்குகிறோம்" என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்பவர்களை மருத்துவர் சம்மதம் இல்லாமல் அழைத்து வரவே கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் ஊரில் இருக்கும்போதே அளவை எழுதி வையுங்கள். ஊட்டியில் சில புள்ளி குறைவது இயல்பு. விரல் சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகவும் காட்டும்; கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் 90-க்குக் கீழே இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும் இருக்கின்றன. பெரிய சிகிச்சைக்குக் கோவைக்குத்தான் இறங்க வேண்டும், அது 85 கிலோமீட்டருக்கு மேல். இறங்க மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் குமட்டும் என்று எல்லோருக்கும் வாந்தி மாத்திரை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பெரியவர்களுக்கு இதை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது. மாத்திரை தின்று மயங்கிப்போய் இறங்குபவர் ஹோட்டல் வாசற்படியிலேயே விழுவார். முன்சீட், வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் இல்லாமை, கொஞ்சம் திறந்த ஜன்னல், இரண்டாம் கியரில் நிதானமாக ஏறும் டிரைவர், இவை நான்கும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள், மலை ஏறும் நாளில் அதை ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகு சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே கழிப்பறை தேடுவது பெரிய வேதனை.

மாத்திரைகளைத் திரும்பும் நாளுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கள். மழையில் மண் சரிந்தால் மலைப்பாதை மூடப்படும்.

எப்போது போவது

ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். வெயிலுக்கு ஒதுங்க எல்லோரும் வரும் சீசன் அது. கூட்டம் இடிப்பது ஒரு பக்கம் இருக்க, வண்டியை எங்கோ தூரத்தில் நிறுத்தச் சொல்வார்கள். கார் கதவிலிருந்து பெஞ்சு வரையிலான தூரம் ஐம்பது அடியிலிருந்து ஐந்நூறு அடியாகிவிடும். மே மாதத்து மலர்க் கண்காட்சியின்போது பெரியவர்களை அழைத்து வருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு அதிகம் கேள்விப்படுவது அப்போதுதான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. மிச்சம் இருப்பதில் பிப்ரவரி, மார்ச், செப்டம்பர் நல்லவை. அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. வாடகைக் கார் என்றால் டிரைவர் எடுத்துவிட்டாரா என்று முதல் நாளே கேட்டு, பாஸை உங்கள் போனிலும் வாங்கி வையுங்கள். சோதனைச் சாவடியில் ஓரம் கட்டி வெயிலில் காக்க வைத்தால் பெரியவர்களின் பாதித் தெம்பு அங்கேயே போய்விடும். நீலகிரிப் பதிவெண் கொண்ட டி.என். 43 வண்டிகளுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. ஊர் சுற்றும் நாட்களுக்காவது உள்ளூர் டாக்சியை அமர்த்துவது நல்லது என்பேன். எந்த கேட் வரை வண்டி போகும், எங்கே இறக்கிவிட்டுத் திரும்ப முடியும் என்பது உள்ளூர் டிரைவருக்குத்தான் தெரியும்.

ஏறும் வழி

சென்னையிலிருந்து என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்ட்ரலில் கிளம்பி விடிகாலை மேட்டுப்பாளையம் வந்து சேரும். கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் ஒரு நுணுக்கம். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ போனால்தான் அது கிடைக்கும். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கெட்டில் போட்டு, கடைசியில் எழுபது வயதுக்காரரை மேல் படுக்கைக்கு ஏறச் சொல்லும் நிலை இதனால்தான் வருகிறது. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏற எல்லோருக்கும் ஆசை இருக்கும். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. 1908-ல் ஊட்டி வரை நீட்டப்பட்டது, 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஆனால் ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் போல் ஆகும், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, எதிரெதிர் இருக்கையில் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். மூட்டுவலிக்காரருக்கு அது தண்டனை. குன்னூர் வரை காரில் போய், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போங்கள். சுமார் ஒன்றேகால் மணி நேரம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று அழகான நிலையங்கள் எல்லாம் இந்தப் பாதியில்தான் வருகின்றன. கார் அதற்குள் ஊட்டி நிலையத்துக்கு வந்துவிடும். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். பட்டியலில் ஊட்டி என்று தேடாமல் உதகமண்டலம் என்று தேடுங்கள். பெட்டிக்குள் ஏறும் படி உயரமானது. ஒருவர் முன்னால் ஏறிக் கை கொடுக்க, ஒருவர் பின்னால் நிற்க வேண்டும்.

சாலை வழியே போனால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாரில் நிறுத்தினால் குரங்குகள் உண்டு. பெரியவர் கையில் பழமோ பாலித்தீன் பையோ இருந்தால் பறிக்க வரும். அந்தப் பதற்றத்தில் அவர் விழுந்துவிடுவார். கையில் எதுவும் இல்லாமல் இறக்குங்கள். மாத்திரைப் பை காருக்குள்ளேயே இருக்கட்டும்.

வண்டியின் உயரம் பெரிய விஷயம். சிறிய செடான் காரில் இருக்கை தாழ்ந்திருக்கும், உட்காருவது எளிது, எழுவது கடினம். டெம்போ டிராவலரில் முதல் படியே முழங்கால் உயரத்துக்கு வரும். இன்னோவா போன்ற வண்டியில் இருக்கை ஏறத்தாழ இடுப்புக்குக் கீழே இருப்பதால் முதலில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ள முடியும். அடியில் ரப்பர் உள்ள, 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள உறுதியான ஒரு மணை டிக்கியில் இருக்கட்டும். வண்டிக்கு மட்டுமில்லை, ரயிலுக்கும் குளியலறைக்கும் அதுவே உதவும்.

அறை

பெரும்பாலான திட்டங்கள் தவறுவது அறை விஷயத்தில்தான். சரிவில் கட்டிய ஊரில் "கிரவுண்ட் ஃப்ளோர்" என்ற சொல்லை நம்ப முடியாது. ரோட்டு மட்டத்திலிருந்து இருபது படி கீழே இருப்பதும் அங்கே கிரவுண்ட் ஃப்ளோர், கார் நிறுத்தத்திலிருந்து பதினைந்து படி மேலே இருப்பதும் கிரவுண்ட் ஃப்ளோர். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள். லிஃப்டை அடைய ஆறு படி ஏற வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்: "கார் நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் மொத்தம் எத்தனை படி?" முடிந்தால் அந்த வழியை ஒருவரை நடந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கூடம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் வர வேண்டிய இடம் அது.

அடுத்து குளியலறை. வாசலில் எத்தனை அங்குலம் மேடு அல்லது பள்ளம், வெஸ்டர்ன் கழிப்பறையா, சுவரில் பிடிப்புக் கம்பி உண்டா, வெந்நீர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கம்பி இல்லாவிட்டால் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழப் பார்ப்பார்கள், அது ஸ்க்ரூவோடு கையில் வரும். கழிப்பறை மேல் வைத்து இறுக்கும் 4 அங்குல உயர்த்தி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது; முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களுக்கு அதைக் கொண்டு வருவது மிகவும் நல்லது. குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கழிப்பறைக்குப் போகும் வழியில் எரிய ஒரு சின்ன இரவு விளக்கு. குளிரில் இரவில் இரண்டு மூன்று தடவை எழுவார்கள். தெரியாத அறையில், இருட்டில், சாக்ஸ் போட்ட காலோடு வழுவழு டைல்ஸில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் வாங்குங்கள்.

அறையைச் சூடாக்க யாராவது கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்தால் உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மூடிய அறையில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மின் ஹீட்டர் போதும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சுட்டதே தெரியாது, காலையில் கொப்புளமாக நிற்கும்.

குளிரும் படியும் இரண்டுமே பயமாக இருந்தால் ஊட்டிக்குப் பதில் குன்னூரில் தங்கலாம். அது சுமார் 1,850 மீட்டர். குளிரும் குறைவு, மூச்சும் சற்று லேசு. ஊட்டிக்கு 19 கிலோமீட்டர்தான், பகலில் போய்த் திரும்பலாம்.

வீல்சேரும் சரிவும்

சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது வீல்சேருக்கான பொது விதி. நீலகிரி மலை ரயிலின் மிகச் செங்குத்தான இடமும் அதே 12-க்கு 1 தான். அந்தச் சரிவில் சக்கரம் வழுக்கும் என்றுதான் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். மனிதர் தள்ளும் நாற்காலிக்குப் பல்சட்டம் கிடையாது. ஊட்டியின் பல நடைபாதைகள் இதைவிடச் செங்குத்தானவை.

கணக்காகப் பார்க்கலாம். 65 கிலோ உடம்பு, 17 கிலோ நாற்காலி, மொத்தம் 82 கிலோ. 12-க்கு 1 சரிவில் நிறுத்தி வைக்கவே 7 கிலோ எடையைத் தாங்குவது போல் தொடர்ந்து பிடிக்க வேண்டும். சரிவு 6-க்கு 1 ஆனால் அது 13 கிலோவுக்கு மேல். ஒருவர் தனியாகப் பத்து நிமிடம் இதைச் செய்ய முடியாது. சரிவை அளக்கப் போனிலேயே மட்டம் பார்க்கும் செயலி இருக்கிறது. போனைப் பாதையில் வைத்துப் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் ஒருவர் போதும். 5 முதல் 8 வரை இருவர். அதற்கு மேல் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, உட்கார்ந்திருப்பவர் மேட்டைப் பார்க்க, தள்ளுபவர் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி நடந்து இறக்க வேண்டும். முன்னோக்கி இறக்கினால் உடம்பு முன்னால் சரியும். சின்ன முன்சக்கரம் ஒரு கல் இடுக்கில் மாட்டினால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். இடுப்புப் பட்டையைப் போடாமல் சரிவில் நகர்த்தாதீர்கள். கைப்பிடிக்குக் கீழே உள்ள லாக், நின்ற நாற்காலியை நிறுத்தி வைக்க மட்டுமே. ஓடும்போது போட்டால் கவிழும்.

கைத்தடி, வாக்கர் வைத்திருப்பவர்கள் அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழவழப்பாக இருந்தால் ஈரக் கல்லில் வழுக்கும். புதிது போட்டு, ஒரு ஜோடி கையிலும் வையுங்கள்.

எங்கே போகலாம், எங்கே வேண்டாம்

ஒரு நாளைக்கு இரண்டு இடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாவதைச் சேர்த்தால் முதலிரண்டும் கெட்டுப்போகும்.

தாவரவியல் பூங்கா கட்டாயம் உண்டு. 1848-ல் மக்ஐவர் அமைக்கத் தொடங்கிய தோட்டம், 22 ஹெக்டேர், தொட்டபெட்டாவின் சரிவில் படிப்படியாக மேலே ஏறுகிறது. மேலே ஏற வேண்டாம். நுழைவாயிலை ஒட்டிய கீழ்ப்பகுதியின் புல்வெளியும் பெரிய மரங்களுமே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். டிக்கெட் கவுன்டரில் பேட்டரி கார் ஓடுகிறதா என்று கேளுங்கள், ஓடினால் நல்லது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். வாசலில் இறக்கிவிட்டு டிரைவர் வண்டியை நிறுத்தப் போகட்டும். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போன் செய்து, வண்டி வாசலுக்கு வந்த பிறகு பெரியவர்களை எழுப்புங்கள். நின்று காத்திருப்பது நடப்பதைவிடக் களைப்பு.

ரோஜா பூங்கா அடுக்கடுக்கான தளங்களாக அமைந்தது. படியும் சரிவும் நிறைய. முழங்கால்காரர்களுக்கு ஒரே தளம், ஒரே பெஞ்சு. குன்னூரின் சிம்ஸ் பூங்கா எனக்கு மிகவும் பிடித்தது, 1874-ல் தொடங்கியது, ஆனால் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பூங்கா அது. இறங்கியதை எல்லாம் ஏற வேண்டும். மேல் மட்டத்திலேயே உட்கார இடம் பார்த்துக்கொண்டு அங்கிருந்தே பார்க்கலாம்.

ஏரிக்கு மாலையில் போங்கள். 1824 வாக்கில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த ஏரி. கரையில் உட்காருவதே இன்பம். படகு என்றால் மோட்டார் படகு மட்டும். மேடையிலிருந்து ஆடும் படகுக்குள் ஒரு அடி கீழே கால் வைக்க வேண்டும். படகுக்காரரிடம் முன்பே சொன்னால் கயிற்றை இறுக்கிப் பிடிப்பார். மிதி படகு கூடவே கூடாது.

தொட்டபெட்டா, 2,637 மீட்டர். வண்டி நிறுத்தத்திலிருந்து காட்சிமுனைக்கு ஏற்றம் இருக்கிறது, காற்று முகத்தில் அறையும், மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும். மூச்சுப் பிரச்சினை உள்ளவருக்கு வேண்டாம். பைக்காரா அருவிக்கு வண்டியை விட்டு நெடுந்தூரம் நடக்க வேண்டும்; அதை விட்டுவிட்டு ஊட்டியிலிருந்து பைக்காரா வரையிலான சாலையையே ஒரு மாலைப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டர், புல்வெளியும் பைன் மரங்களும் ஜன்னலுக்கு வெளியே ஓடும். அந்தப் பக்கம் போனில் சிக்னல் அங்கங்கே போய்விடும், அதனால் டிரைவரோடு நேரத்தைப் பேசி வைத்துவிட்டு இறங்குங்கள். லேம்ப்ஸ் ராக் காட்டுப் பாதை, பைன் காட்டுச் சரிவு இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். கல்ஹட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவுப் பாதையும் பெரியவர்களுக்கு உகந்ததில்லை.

யாரும் பட்டியலில் சேர்க்காத இடம் ஊட்டி ரயில் நிலையம். தரை மட்டம், பெஞ்சு உண்டு, மழை வந்தால் கூரை உண்டு. ரயில் வரும் நேரம் பார்த்துப் போய் நடைமேடையில் உட்கார்ந்தால், நீலப் பெட்டிகள் நுழைவதைப் பார்க்கும் அரை மணி நேரம் எந்தக் காட்சிமுனைக்கும் குறைந்ததில்லை. அதேபோல் கேத்திப் பள்ளத்தாக்கைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். நெரிசல் இல்லாத, வண்டி பத்திரமாக ஒதுங்கும் இடமாகப் பார்த்து நிறுத்தி, பள்ளத்தாக்கின் பக்கம் உள்ள கதவைத் திறந்து வைத்து, இருக்கையை விட்டு இறங்காமலே ஒரு டம்ளர் டீ குடித்தபடி பார்க்கட்டும்.

கொடைக்கானலா, ஊட்டியா என்று குழம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போல ஓடும் சாலை பெரும்பாலும் சமதளம், வீல்சேருக்கு அதைப் போல் ஓர் இடம் ஊட்டியில் கிடையாது. ஆனால் அங்கே ரயில் இல்லை, வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ நீண்ட மலைப்பாதையில் காரில்தான் ஏற வேண்டும். வீல்சேரிலேயே இருப்பவருக்குக் கொடைக்கானல், மெதுவாக நடக்கக்கூடியவருக்கு ஊட்டி என்பது என் கணிப்பு.

ஒரு நாளின் ஓட்டம்

காலை ஒன்பதரைக்கு முன் கிளம்ப வேண்டாம். குளிரில் மூட்டு பிடித்திருக்கும், வெயில் ஏறிய பிறகுதான் இளகும். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை அறையில் படுக்கட்டும். நான்கு மணிக்கு இரண்டாவது இடம், ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். வந்து சேரும் முதல் நாள் எந்த இடமும் வேண்டாம்.

கழிப்பறைக்குப் பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். விளைவு தலைசுற்றல், மலச்சிக்கல், எழும்போது கண்ணை இருட்டுவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறை நிறுத்தம் என்று நீங்களே அட்டவணையில் போட்டு, அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டால் தண்ணீர் குடிப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாட்டைவிடக் கழிப்பறையையும் வாசற்படியையும் பாருங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு ஸ்டீல் பிளாஸ்கில் வெந்நீர் வையுங்கள்.

இன்சுலினைக் காரில் விடாதீர்கள். பனிக்கால இரவில் அது உறைந்தால் பிறகு பயன்படாது. சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் பிழை காட்டும். பத்து நிமிடம் ஸ்வெட்டர் பையில் வைத்துச் சூடாக்கிவிட்டு எடுங்கள்.

இறங்கும் நாள்

சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் எது வேண்டுமோ அது. இரண்டு மணி நேரத்துக்குள் பத்து டிகிரிக்கு மேல் சூடு ஏறும். குல்லா, மப்ளர், ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எல்லாவற்றையும் போட்டபடி தூங்கவிட்டால் வேர்த்துச் சோர்ந்து எழுவார்கள். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தியதும் கதவைத் திறந்து, இரண்டு காலையும் தரையில் வைத்து ஒரு நிமிடம் உட்கார வையுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு வெயிலில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தண்ணீர் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்தபடி எழுப்புங்கள்.